அவரைக் கேட்டீங்களா?

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் மானம் போனது. போக்கியவர் அங்கே எல்லோருக்கும் மூத்த பொது மருத்துவர்.

நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். டியூட்டி டாக்டர் என்று பெயர், எடுபிடி வேலை. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். "புது டாக்டரம்மா டியூட்டில படுத்துத் தூங்கறாங்க" என்று மேட்ரன் அவர் காதில் போட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் "அப்படியா?" என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டு, சம்பள உயர்வு வரும்போது அவிழ்த்திருப்பார்கள். இவர் உடனே ஆயாவை அனுப்பி என்னை வரவழைத்தார். பெண்கள் வார்டின் நடுவில், கட்டிலில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்க்க, மேட்ரனை எனக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

"சிஸ்டர், எங்கிட்டச் சொன்னதை இவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லைங்க சார், சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குச் சொன்னாலும் நான் கேட்டாச்சு. சொல்லுங்க."

மேட்ரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, தூங்குனீங்களா?"

"ஆமாங்க சார். காய்ச்சலா இருந்துச்சு."

"அதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க சொல்லாதது தப்பு. இவங்க உங்களைக் கேக்காம எங்கிட்ட வந்தது தப்பு. போங்க, ரெண்டு பேரும் வேலையப் பாருங்க."

அவர் வெகு நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மேட்ரன் அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு மட்டும் ஊசி உடைந்து போகும், பேண்டேஜ் தீர்ந்து போகும். எங்கள் இருவருக்கும் நல்லது செய்துவிட்டதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்திருப்பார்.

உயரமானவர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பொத்தான் போட்டு மூடியிருப்பார். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பம். மெட்ராஸில் படித்தும் பேச்சு மாறவில்லை. சிறு பிள்ளையையும் "சாமி" என்பார், கிழவரையும் "சாமி" என்பார். வயிற்றுவலி என்று ஒரு பையனைத் தாய் கூட்டிவந்து, அவனுக்குப் பதிலாக அவளே எங்கே வலி, எப்போது வலி என்று சொல்லிக்கொண்டு போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "உங்களை நான் கேக்கலைங்க. வயித்துக்குச் சொந்தக்காரரைக் கேக்கறேன். சொல்லுங்க சாமி." பையன் சொல்லி முடிக்கும்வரை வெளியே வரிசை வெயிலில் நிற்கும்.

அவரிடம் யாரும் யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த கேள்வி, "அவரைக் கேட்டீங்களா?" கேண்டீன்காரர் பாலில் தண்ணீர் ஊற்றுகிறார் என்றால் கேண்டீன்காரரைக் கேட்டீங்களா? எக்ஸ்ரேக்காரர் குடித்துவிட்டு வருகிறார் என்றால் அவரைக் கேட்டீங்களா? கேட்கவில்லை என்றால் அவரே கூப்பிட்டுக் கேட்பார், சொன்னவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. அதனால் அவர் சாப்பிட உட்கார்ந்தால் மேஜை காலியாகிவிடும். தனியாகத்தான் சாப்பிடுவார். அவருக்கு நண்பர் என்று அங்கே யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைப் பிரிவில் கருணாகரன் என்று ஒரு இளம் டாக்டர் இருந்தார். மெட்ராஸ்காரர். நல்ல கை, கெட்ட வாய். நர்ஸுகள் கூடியிருக்கும்போது நம் பெரிய டாக்டரைப் போலவே தொண்டையைச் செருமி, "ஏனுங்க சாமி, அவரைக் கேட்டீங்களாக்கும்?" என்று பேசிக் காட்டுவார். ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் இவரே நின்று கேட்டுவிட்டார். உள்ளே வந்து, "நான் 'ஆக்கும்' சொல்றதில்லைங்க. அது கோயமுத்தூர்ப் பக்கம்" என்று திருத்திவிட்டுப் போனார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கருணாகரன் மட்டும் சிரிக்கவில்லை.

தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருஷம் அது. ஆஸ்பத்திரிக் கிணறு வற்றிவிட்டது. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரி வந்து வளாகத்தில் போர் போட ஆரம்பித்தார்கள். முதல் குழியில் புழுதிதான் வந்தது. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதைப் பெண்கள் வார்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பல் கூசும். கட்டிலில் கை வைத்தால் கட்டில் அதிரும். காலையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்துக்காவது மிஷினை நிறுத்தச் சொல்லி அவர் செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னார். செக்ரட்டரி ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை முதலாளி, ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "நிறுத்துனா ரிக்கு அடுத்த ஊருக்குப் போயிரும் டாக்டர். அப்புறம் உங்க பேஷண்டுக்குக் கை கழுவ நீங்கதான் அழுவோணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நாட்களில் ராசிபுரத்திலிருந்து மல்லிகா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வயது முப்பதுக்குள். பித்தப்பையில் கல். அவள் புருஷன் ஊர் ஊராகப் போய் வெண்ணெய் வாங்கி, உருக்கி நெய்யாக விற்பவர். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்திலும் நெய் வாசனை இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சைப் பரிசோதித்து, மயக்க மருந்து தாங்குவாள் என்று சொன்னவர் நம் பெரிய டாக்டர். ஆபரேஷன் செய்தவர் கருணாகரன். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த நாள் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது, சிறுநீர் குறைந்தது. நான் கருணாகரனுக்குப் போன் செய்தேன். சலைனை வேகமாக ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது, வாயில் நுரை வந்தது. எவ்வளவோ செய்து பார்த்தோம். போய்விட்டாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடுவார்கள். அந்த மாதம் இறந்தவர்களைப் பற்றிப் பேசி, எங்கே தவறு நடந்தது என்று பார்க்கும் கூட்டம். டெத் மீட்டிங் என்போம். வழக்கமாக வடையும் காபியும் வந்ததும் முடிந்துவிடும். அந்த முறை செக்ரட்டரியே வந்து உட்கார்ந்தார். சம்பவத்தின்போது டியூட்டியில் இருந்ததால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சூப்பரின்டென்டென்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கருணாகரன் அளவு தெரியாமல் சலைன் ஏற்றியதால்தான் மரணம், அவரை அனுப்பிவிடுவது என்று முடிவு, மூத்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். செக்ரட்டரியின் மருமகன் மேல்படிப்பு முடித்துவிட்டு வருகிறான், அவனுக்கு ஒரு சர்ஜன் நாற்காலி வேண்டும் என்பது வார்டில் பெருக்குகிற ஆயாவுக்கும் தெரியும்.

"அவரைக் கேட்டீங்களா?" என்றார் இவர்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே சார்."

"எல்லாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியுமா? எங்க அவரு?"

"கூப்பிடலைங்க. தர்மசங்கடம் பாருங்க."

"தூக்குல தொங்கப்போறவனைக்கூடக் கூப்புட்டுத்தான் போடறாங்க. அவரு மேல என்ன குத்தம்னு அவரு காதுல விழோணும். அவரு பதில் நம்ம காதுல விழோணும். அவரு யாரையாவது கேள்வி கேக்கோணும்னா கேக்கட்டும். அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரரையும் கூப்புடுங்க. செத்தவ பக்கம் பேச இங்க யாரு இருக்கறா?"

செக்ரட்டரி சிரித்தார். "கருணாகரன் மேல உங்களுக்கு இத்தனை பாசமா டாக்டர்?"

"எனக்கு அவன் மூஞ்சியே புடிக்காதுங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"

இவர் கையெழுத்து இல்லாமல் முடிவு நகராது என்ற நிலை. கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கருணாகரன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சட்டை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது. மேஜைக்கு ஒரு பக்கம் செக்ரட்டரி, சூப்பரின்டென்டென்ட், இவர். எதிர்ப்பக்கம் ஒற்றை நாற்காலி. நான் சுவரோரம். சூப்பரின்டென்டென்ட் குற்றத்தைச் சொல்லி முடித்ததும் இவர்தான் கேள்வியை ஆரம்பித்தார். கருணையே இல்லாமல் கேட்டார். போனில் சொன்னீர்களே, நேரில் வந்து ஏன் பார்க்கவில்லை? எவ்வளவு வேகத்தில் ஏற்றச் சொன்னீர்கள்? மூச்சு வாங்கியதும் ஏன் நிறுத்தச் சொல்லவில்லை? செக்ரட்டரி சாய்ந்து உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"இதயத்துல வால்வு சுருங்கியிருந்தா இப்பிடித்தான் ஆகும். வேகமா ஏத்துற தண்ணி நுரையீரல்ல போயி நிக்கும். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா இதயத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருந்தாங்க. அதை நம்பித்தான் ஏத்தச் சொன்னேன்."

"யாரு சொன்னது?"

கருணாகரன் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் சார்."

இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய், கருணாகரனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் அந்தப் பக்கம் உக்காரக் கூடாதுங்க. இனி நீங்க கேளுங்க."

சூப்பரின்டென்டென்ட், "பரவாயில்லை சார், இதோட முடிச்சுக்கலாம்" என்றார். முடித்திருக்கலாம். வெளியே காத்திருந்த நெய்க்காரரை அப்படியே பஸ் ஏற்றியிருக்கலாம். மனைவி போனது விதி என்று நம்பி, அவரும் ஒருவாறு தேறி வந்துகொண்டிருந்தார். இவர் விடவில்லை. "அவரை வரச்சொல்லிட்டு ஒண்ணும் கேக்காம அனுப்பறதா?" என்று தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

நெய்க்காரர் உள்ளே வந்து கதவோரமாகவே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டுங்க" என்றார்.

"உங்க சம்சாரத்துக்கு முந்தி நெஞ்சுல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. பெரியவன் பொறந்தப்ப நாமக்கல்லுல டாக்டரம்மா பாத்துட்டு வால்வு சுருக்கம்னு சொன்னாங்க. இன்னொண்ணு பெத்துக்க வேண்டாம்னாங்க."

"அதை இங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

நெய்க்காரர் விழித்தார். கேள்வியே அவருக்குப் புரியாததுபோல இருந்தது.

"உங்ககிட்டத்தானுங்க சொன்னேன்."

"எப்ப?"

"நீங்க கொழாயை வெச்சு நெஞ்சப் பாத்தீங்கள்ல, அப்ப. பக்கத்துலயே நின்னு சொன்னனுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"தலைய ஆட்டுனீங்க."

நெய்க்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்திருக்க வேண்டும். அவராகவே அவசரமாகச் சொன்னார்:

"ஜன்னலுக்கிட்ட அந்த மிஷினு ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. நான் இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கோணுங்க. டாக்டருகிட்டக் கத்தக் கூடாதுன்னு மெதுவாச் சொல்லிட்டேன்."

"உங்க தப்பு இல்லைங்க. எனக்குக் காதுல விழல. விழாம நான் தலையாட்டியிருக்கக் கூடாது. அந்தச் சத்தத்துல கொழாயை வெச்சதே தப்பு. நெஞ்சு சரியாக் கேட்ட மாதிரி இருந்துச்சு. எழுதிட்டேன்."

நெய்க்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரே ஒரு விஷயம் அவருக்கு அப்போதுதான் புரிந்திருந்தது.

"அது உங்க காதுல விழுந்திருந்தா, அவ பொழச்சிருப்பாளுங்களா?"

அந்த அறையில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. சொல்ல முடியாதுங்க, எல்லாம் கடவுள் கையில, எதுவும் எழுதி வெச்சபடிதான். டாக்டர்கள் தினமும் சொல்கிற பொய். அதை அந்த மனிதருக்குக் கொடுத்து அனுப்புவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

"பொழச்சிருக்கலாங்க" என்றார் இவர்.

நெய்க்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். அந்த நிமிடம் எனக்கு நம் டாக்டரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தது. ஆனாலும் அவர் முடிக்கவில்லை. செக்ரட்டரி பக்கம் திரும்பினார்.

"எம் பங்கு இதுங்க. நான் ஒத்துக்கறேன். மிஷினை நிறுத்தச் சொல்லி நான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு இவங்க முன்னால சொல்லுங்க. இந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி போடலாம்."

செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களே ஒத்துக்கிட்டீங்க டாக்டர். அதுக்கு மேல என்ன விசாரணை? ஏனுங்க சூப்பரின்டென்டென்ட், காபி சொல்லலியா?"

சில நாட்களில் அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள், அவரைக் கூப்பிடவில்லை. கருணாகரனைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் இப்போது அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட ஆள் வேண்டியிருந்தது. கருணாகரன் போட்டார். மருமகனுக்கு நாற்காலி எப்படியும் கிடைத்துவிட்டது, கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டார்கள். ரிக் லாரிக்காரர்கள் மூன்றாவது குழியிலும் தண்ணீர் இல்லாமல் ஏற்கனவே கிளம்பிப் போயிருந்தார்கள்.

நம் டாக்டர் சூப்பரின்டென்டென்டிடம் ஒன்றுதான் கேட்டாராம். வேலை வேண்டும் என்று கேட்கவில்லை. "என்னை உள்ள கூப்புட்டு, நேருக்கு நேரா வெச்சுச் சொல்லுங்க. நான் பதில் ஒண்ணும் பேச மாட்டேன். கேட்டுக்கறேன், அவ்வளவுதான்." அதற்கு சூப்பரின்டென்டென்ட், "நீங்களே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்களே சார்" என்று பதில் சொன்னதை என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

கருணாகரனை வராண்டாவில் மடக்கினேன்.

"உங்களுக்காகத்தானே அவரு வாயைத் திறந்தாரு? எப்படி சார் மனசு வந்துச்சு?"

"எனக்காக ஒண்ணும் இல்ல. அது அவருக்கு ஒரு வியாதி." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, கோபமாகச் சொன்னார்: "நாற்காலியைத் தூக்கிட்டு வந்து எம்பக்கத்துல உக்காருங்கன்னு நான் சொன்னேனா?"

திருச்செங்கோடு போகிற ரோட்டில் ஒரு கடை அறையை வாடகைக்குப் பிடித்து அவர் கிளினிக் நடத்தினார். நான் ஒருமுறை போயிருந்தேன். அங்கே ஈ பறந்துகொண்டிருந்தது. கதை அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. வருகிறவர்களில் யாராவது, "நீங்கதானே அந்த ராசிபுரத்துக்காரி செத்த..." என்று இழுப்பார்கள். இல்லை என்று ஒரு தலையசைப்பு போதும். இவர், "ஆமாங்க, நான்தான். உக்காருங்க சொல்றேன்" என்று ஆரம்பித்து, ரிக் லாரி, ஜன்னல், தலையாட்டியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார். சொல்லி முடிக்கும்போது அவர்கள் அடுத்த தெரு டாக்டரிடம் இருப்பார்கள்.

அவர் மனைவி எனக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிப்போய்ப் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு.

"கெணத்துத் தண்ணிய மொற வெச்சுப் பாய்ச்சறதுல இவரு தம்பி ஏமாத்தறாருன்னு நாந்தான் ஒருநாள் சொல்லிட்டேன் அம்மிணி. இவரு ஒரு கல்யாணப் பந்தியில அவரை எழுப்பிட்டு வந்து, எம் முன்னால நிறுத்தி, 'இவ சொல்றது நெசமா?'ன்னு கேட்டாரு. எலையில சோறு அப்படியே கெடந்துச்சு. அன்னியோட அந்தச் சனம் எங்க ஊட்டு வாசப்படி மிதிக்கலை. எங்கம்மா செத்ததுக்குக்கூட வரலை. இவரு நாயம் பாக்கறதுக்கு நாங்கெல்லாம் செலவாயிட்டோம்."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் நான் கிளம்பும்போது என் கையை விடவே இல்லை.

நெய்க்காரரையும் பின்னால் பார்த்தேன். நாமக்கல் பஸ் ராசிபுரத்தில் நின்றபோது, ஸ்டாண்டில் ஒரு கடைக்காரரிடம் நெய் விலை பேசிக்கொண்டிருந்தார். பேசினார் என்றால், கத்தினார். பக்கத்தில் நிற்கிறவரிடம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "கேக்குதுய்யா, கேக்குது" என்றார். நெய்க்காரர் கேட்டதா இல்லையா என்று அவர் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, அதே வார்த்தையை இன்னும் உரக்க இன்னொரு முறை சொன்னார். என் பக்கத்து இருக்கைக்காரர், "பாவம், காது செவுடு போல" என்றார். பஸ் எடுத்துவிட்டது.

சில வருஷங்கள் போயின. சூப்பரின்டென்டென்ட் ஓய்வு பெற்று, செக்ரட்டரியின் மருமகனே அந்த நாற்காலிக்கு வந்தான். குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாணவன் இறந்துபோனான். ஆபரேஷன் செய்தவர் கருணாகரன். இந்த முறை யார் மீது பழி விழும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் கருணாகரன் என் அறைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. "அவர் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார். யாரை என்று நான் கேட்கவில்லை. இடத்தைச் சொன்னேன். நேரில் போக அவருக்கு முகமில்லை. வேறு யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் வராண்டா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். அதே முழுக்கைச் சட்டை, கழுத்தில் பெரிதாகத் தொங்கியது. மடியில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

"சார், உங்களை யார் உள்ள விடுவாங்க?"

"சொல்லி அனுப்பியிருக்கேன் அம்மிணி. மூத்த டாக்டர் ஒருத்தர், கேக்கறதுக்கு வந்திருக்காருன்னு. உடலைன்னாப் போகட்டும். அவன் வெளிய வாரப்ப இங்க ஒருத்தராவது இருக்கோணுமில்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. "உங்களை அனுப்பறதுக்குக் கையெழுத்துப் போட்டவர் சார் அவரு."

"அப்பிடித்தான் நீங்க சொன்னீங்க. அவனை நான் இன்னும் கேக்கலியே. ஒரு பக்கந்தானே கேட்டிருக்கறேன்."

கிண்டலாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அத்தனை வருஷமும் அந்த வழக்கை அவர் மூடாமல்தான் வைத்திருந்தார்.

"சாப்பிட்டுட்டாவது இருங்க. மணி என்ன ஆச்சு?"

"கூப்புடற நேரத்துல வாயில சோத்தோட போகக் கூடாதுங்க."

எனக்கு வார்டில் வேலை இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன். முதுகு சாயாமல், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து ஆள் வரும்போதெல்லாம் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நிற்பார். காபித் தட்டோடு வந்த பையனைப் பார்த்துக்கூட எழுந்து நின்றார்.

உள்ளே நடந்தது எனக்கு மாலையில்தான் தெரிந்தது. கருணாகரனை உட்கார வைத்து மருமகன் இரண்டே வார்த்தை சொன்னானாம். விசாரணை வேண்டுமென்றால் எல்லாம் வெளியே வரும், பேசாமல் ராஜினாமா செய்தால் நல்ல சான்றிதழ் தரப்படும். வெளியே உங்களுக்காக யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்களாமே என்றும் கேட்டானாம். "அவரு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாரு டாக்டரம்மா" என்றாள் காபி கொடுக்கப் போன ஆயா. ராஜினாமா செய்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துப் படி வழியாக இறங்கி, கருணாகரன் எப்போதோ போய்விட்டிருந்தார்.

வராண்டாவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக அந்த 'யாருன்னே தெரியாது' என்பதையும் சொன்னேன். அவரிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அவரிடம் இருந்தே எனக்கும் அந்த நோய் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும்.

அவர் தலையாட்டவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். தயிர்சாதம். அந்த வெயிலில் காலையிலிருந்து இருந்தது, வாடை குப்பென்று வந்தது.

"கெட்டுப்போச்சு சார். போட்டிருங்க. கேண்டீன்ல ஏதாவது வாங்கிட்டு வாரேன்."

"அவ கட்டிக் குடுத்தா" என்று ஒரு கவளத்தை உருட்டினார்.

புதிதாகச் சேர்ந்திருந்த வாட்ச்மேன் தடியைத் தட்டிக்கொண்டு வந்தான். "பெரியவரே, பேஷண்டோட வந்தவங்க இங்க உக்காந்து சாப்புடக் கூடாது. கேட்டுக்கு வெளிய போங்க. எத்தனவாட்டி சொல்றது உங்களுக்கெல்லாம்?"

அவர் யாரென்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் அவர் இலையை மடித்துக்கொண்டு, "சரிங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நோயாளிகளுடன் வந்த சனம் சோறு கொண்டுவந்த தூக்குப் போசிகளோடு உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, இலையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, குழந்தையையும் இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.